முறத்துக்குப் பிடித்த சனி

நிரலை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. அதற்குப் பெயர் வைக்க நான்கு மாதம் பிடித்தது. என் மகளுக்குக்கூட பதினாறாம் நாளே பெயர் வைத்துவிட்டோம்.

செய்தது ஒன்றும் ராக்கெட் இல்லை. சர்வர் படுத்துவிட்டது என்று ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் எழுந்து உட்கார்ந்து லாக் பார்க்க வேண்டும். லாக் என்பது சர்வர் எழுதும் டைரி. சௌக்கியம், சௌக்கியம், சௌக்கியம் என்று பத்து லட்சம் வரி எழுதியிருக்கும். நடுவில் எங்கோ ஒரு வரியில் 'மூச்சு முட்டுகிறது' என்று முனகிவிட்டு, மறுபடியும் சௌக்கியம், சௌக்கியம். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பதற்குள் பால்காரர் வந்துவிடுவார். என் நிரல், திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் புடைத்துத் தள்ளிவிட்டு, வழக்கத்தில் இல்லாத வரிகளை மட்டும் எடுத்து வைக்கும். பைத்தானில் சுமார் 400 வரி. 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர் திறந்து எழுத ஆரம்பித்தேன். அது சொதப்பியதும் 'புதுசு2' என்று இன்னொன்று திறந்தேன். அதில்தான் ஓடியது.

ஆபீசில் ஏழெட்டுப் பேர் வாங்கி உபயோகித்தார்கள். ஒருநாள் மேனேஜர், "நல்லா இருக்கே, ஓப்பன் சோர்ஸா வெளிய விடுங்களேன். பேரு மட்டும் கொஞ்சம் பிராண்டு மாதிரி வைங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். அந்தக் கடைசி வாக்கியத்தையும் காபியோடு சேர்த்து விழுங்கியிருக்கலாம்.

முன்னோர்கள் எப்படி வைத்தார்கள் என்று முதலில் பார்த்தேன். யூனிக்ஸ் காலத்து ஆட்களுக்கு இந்த வேதனையே இருந்ததில்லை. கோப்புக்குள் சொல் தேடும் 'கிரெப்', பழைய எடிட்டர் ஒன்றில் அதே வேலைக்கு அடித்துக்கொண்டிருந்த கட்டளையின் எழுத்துகளைக் கோத்தது, அவ்வளவுதான். 1977-ல் வந்த 'ஆக்', ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகான் என்ற மூவரின் முதலெழுத்து. மூன்று பங்காளிகள் பாத்திரக்கடை வைத்தால் நம் ஊரிலும் அப்படித்தான் போர்டு மாட்டுவார்கள். பி என்ற மொழிக்குப் பிறகு வந்ததற்கு சி. அந்த சி-க்கு மேல் கட்டிய மாடிக்கு, 1983-ல் இரண்டு கூட்டல் குறிகளைப் பின்னால் ஒட்டினார்கள். ஒன்றைக் கூட்டு என்று சி மொழியிலேயே அதற்கு அர்த்தம். ஒருவரும் நான்கு மாதம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவில்லை.

நான் தமிழில் வைப்பதென்று முடிவு செய்தேன். மாலுமி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து 'குபர்நெட்டிஸ்' என்று ஒரு மென்பொருளுக்கு வைத்தார்கள். அதை முழுசாக எழுதக் கை வலித்து, முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் எட்டு எழுத்துகளுக்குப் பதில் வெறும் 8 போட்டு உலகம் காலம் தள்ளுகிறது. கிரேக்கத்துக்கு ஒரு நியாயம், தமிழுக்கு ஒரு நியாயமா?

புடைப்பது என்று நினைத்த மாத்திரத்தில் முறம் வந்து நின்றது. தூசும் பதரும் பறக்கும், அரிசி நிற்கும். தவிர, புலியை முறத்தால் விரட்டிய மறத்தமிழச்சியின் கதையை மேடை மேடையாகக் கேட்டு வளர்ந்த உடம்பு இது. லோகோகூட மனதுக்குள் வரைந்துவிட்டேன்: உயர்த்திய முறம், ஓடும் புலி. நிரலில் வரும் பிழையை 'பக்' என்பதால், புலிக்குப் பதில் ஒரு கரப்பான்பூச்சி போடலாமா என்றும் யோசித்தேன். அதற்கு முறம் தேவையில்லை, செருப்பு போதும் என்று மனைவி சொன்னாள்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"முறமா? அது என்னல மெட்ராஸ் பேச்சு? நம்மூர்ல சுளகுல்லா."

திருநெல்வேலியில் பிறந்துவிட்டு முறம் என்று வைப்பது ஊர்த் துரோகம் என்பது அவள் கட்சி. சரி என்று சுளகை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தேன். ஆரம்பத்தில் எஸ்ஸா, சி-எச்சா? ளகரத்துக்கு எல் ஒன்றா, இரண்டா? கடைசியில் ஜி-யா, கே-யா? பெருக்கினால் எட்டு விதம். கட்டளை அடிக்கிறவன் எட்டில் ஏழு தடவை தப்பாகத்தான் அடிப்பான்.

முறத்துக்கே திரும்பி வந்து, கூகுளில் தேடினேன். வடக்கே சாலைக்குக் கொட்டும் செம்மண் சரளைக்கு 'முரம்' என்று பெயராம். பக்கம் பக்கமாக ஜேசிபி, டிப்பர் லாரி, லோடு விலை. என் கருவியைத் தேடி வருகிறவன் அரை லோடு சரளைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

மாற்றுப் பெயர்களும் வைத்திருந்தேன். 'சல்லடை'யை வீடியோ அழைப்பில் வந்த அமெரிக்க சகா 'சாலட் டே' என்று படித்து, என்றைக்கு என்று கேட்டார். 'பதர்' என்றதும் டெல்லிக்காரர், "கல்லுன்னு ஏன் வெச்சிருக்கீங்க?" என்றார்; இந்தியில் பத்தர் என்றால் கல். 'தூற்று', ஆங்கிலத்தில் பல்வலித் தைலம் மாதிரி இருந்தது. தமிழில் படித்தால் வசவு.

பிறமொழிக்காரன் காதில் எப்படி விழும் என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள் ஒன்றுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் சேவல் என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் அது கொண்டை வைத்த கௌரவமான சேவல். ஆங்கிலத்தில் அதே உச்சரிப்பு, குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க முடியாத வார்த்தை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலக் கருத்தரங்குகளில் அதைச் சொல்லிவிட்டு நெளிந்தார்கள். 2025-ல்தான் 'ராக்' என்று மாறியது. அவர்களோடு பார்த்தால் என் நான்கு மாதம் எந்த மூலைக்கு?

குழுவில் ஒரு பையன் குறுக்கு வழி சொன்னான். "கிரெப்தான் சார் ஃபேமஸ். 'நியூ கிரெப்'னு வெச்சிடலாம்."

சிரித்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. 1995-ல் பிரௌசருக்குள் ஓடுவதற்கென்று ஒரு மொழி செய்தார்கள். முதலில் மோக்கா என்றார்கள், பிறகு லைவ்ஸ்கிரிப்ட் என்றார்கள், அந்த வருஷம் ஜாவாவுக்கு இருந்த மவுசைப் பார்த்து டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று போர்டை மாற்றினார்கள். பிரபல அல்வாக் கடைக்கு எதிரே 'நியூ' போட்டு ஒரு கடை திறக்குமே, அந்த உறவுதான் இரண்டுக்கும். இன்றைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிற சிலர் ஜாவா தெரிந்தவரை ஜாவாஸ்கிரிப்ட் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதிர்க்கடைதான் இப்போது தெருவையே வளைத்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆள் பெரியவராக இருந்தால் 'நியூ'கூட வேண்டியதில்லை. 2009-ல் கூகுள் 'கோ' என்ற மொழியை வெளியிட்டபோது, அதே பெயரோடு ஓர் ஆச்சரியக்குறியும் சேர்த்து வேறொரு மொழி ஏற்கெனவே இருந்தது. அதைச் செய்தவர் முறையிட்டார். கோ என்ற பெயரில் எத்தனையோ இருக்கின்றன, பெரிய குழப்பம் ஒன்றும் வரவில்லை என்று சொல்லி, சுமார் ஒரு வருஷம் கழித்து அந்தப் புகாரை மூடினார்கள். கோ என்றால் தமிழில் அரசன். அரசன் வந்து நின்றால் நகர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் தேடுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி, தேடினால் கிடைக்காத ஒரு பெயரை வைத்து, கடைசியில் எல்லாரும் 'கோலாங்' என்று வால் சேர்த்துத் தேடும்படி ஆனதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பைத்தான் நிரல்களுக்கு 'பைபிஐ' என்று ஒரு பொதுக் கிடங்கு இருக்கிறது. பெயரை அங்கே பதிய வேண்டும். ஒரு பெயர் ஒருவருக்குத்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுக்கோடு, அடிக்கோடு என்று மாறுவேஷத்தில் போனாலும் இது பழைய ஆசாமிதான் என்று வாசலிலேயே நிறுத்திவிடும். நல்ல சொற்களெல்லாம் எப்போதோ போய்விட்டன. போகட்டும், வாங்கினவர்களாவது குடியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தால் பலவற்றில் உள்ளே ஒன்றும் கிடையாது. செங்கல்பட்டு தாண்டினால் கல் நட்டு, வளைவு வைத்து, 'நகர்' என்று எழுதி, உள்ளே ஆடு மேயுமே, அந்த மாதிரி.

இப்படி ஒரு மனைத் தகராறு 2016 மார்ச்சில் உலகத்தையே ஆட்டியது. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களின் கிடங்கான என்பிஎம்மில் ஒருவர் 'கிக்' என்ற பெயரில் எதையோ வைத்திருந்தார். அதே பெயரில் மெசேஜ் ஆப் நடத்திய கம்பெனி, பெயரைக் கேட்டது. அவர் முடியாது என்றார். கிடங்கு அதை எடுத்துக் கம்பெனியிடம் கொடுத்தது. மனிதர் கோபத்தில் தன்னுடைய மற்ற சாமான்களையும் உருவிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதில் ஒன்று, எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் வெறும் 11 வரி. ஆயிரக்கணக்கான நிரல்கள் அந்த 11 வரியின் மேல் சாய்ந்து நின்றிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. பந்தலில் யாரோ ஒரு சவுக்குக் கம்பை உருவிய கதை. இரண்டரை மணி நேரத்துக்குள் நிமிர்த்திவிட்டார்கள், ஆனாலும் கிக் என்றால் அதல்லவா கிக்.

இந்த நேரம் பார்த்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆனதிலிருந்து பெயர் எண்கணிதம். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டார்.

காகிதம் எடுத்தார். எம் 4, யு 6, ஆர் 2, ஏ 1, மறுபடி எம் 4.

"பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. மாப்ளே, முறத்துக்குச் சனி பிடிச்சிருக்கு."

"என்ன மாமா பண்றது?"

"நடுவுல இன்னொரு ஏ போடு. பதினெட்டு. கூட்டினா ஒன்பது. செவ்வாய். அசையாது."

ஓர் எழுத்து கூடினால் நாளைக்கு ஐம்பது தடவை அதிகமாக அடிக்க வேண்டுமே என்றேன். "சனியை அனுபவிக்கிறதுக்கு அடிக்கிறது தேவலை" என்றார்.

பெரிய இடத்து ஜாதகங்களைப் பார்க்கலாம் என்று காகிதத்தை என் பக்கம் இழுத்தேன். ஜாவா, 9. மாமா முகத்தில் பெருமிதம். அதன் பழைய பெயர் ஓக். ஜாவாவைச் செய்த ஜேம்ஸ் கோஸ்லிங்கின் ஆபீசுக்கு வெளியே நின்ற மரத்தின் பெயர். அது வேறொரு கம்பெனியின் வணிகப் பெயராக இருந்ததால் 1995-ல் மாற்றினார்கள். ஓக், கூட்டினால் 10, அதாவது 1. "சூரியனை விட்டுட்டுச் செவ்வாய்க்கு வந்திருக்கான். தைரியசாலி" என்றார் மாமா. பேர்ல் இன்னும் விசேஷம். 1987-ல் லாரி வால் முத்து என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் வைக்கப் பார்த்தார். அதே பெயரில் ஒரு மொழி இருப்பது தெரிந்ததும் நடுவிலிருந்த ஏ-யைத் தூக்கிவிட்டார். 19 என்று இருந்தது 18 ஆயிற்று.

"அவருக்கு யாரு பார்த்துக் குடுத்தது?" என்று மாமா ஆர்வமாகக் கேட்டார்.

பிறகு கிட் வந்தது. நிரல் எழுதுகிறவர்கள் காலையில் எழுந்ததும் முழிக்கிற மென்பொருள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. பிரிட்டிஷ் வசவில் கிட் என்றால் சகிக்க முடியாத ஆசாமி. நான் செய்வதற்கெல்லாம் என் பெயரைத்தான் வைப்பேன், முன்பு லினக்ஸ், இப்போது கிட் என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டார். ஜி 3, ஐ 1, டி 4. மாமா கூட்டினார். எட்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினார்.

"இது ஓடுதா மாப்ளே?"

"உலகமே இதுலதான் ஓடுது மாமா. இருபது வருஷமா."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சனி குடுத்தா யாரு தடுக்கிறது?" என்றபடி காபி கேட்டார்.

மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் பேரை வைப்பா" என்றாள். முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. மைக்கேல் விடேனியஸ் தன் மூத்த மகள் 'மை' பெயரில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தைச் செய்தார். அது கைமாறிப் போனதும், இளைய மகள் மரியா பெயரில் மரியாடிபி. எனக்கு இருப்பது ஒரே பெண், கைமாறினால் அடுத்த பெயருக்கு எங்கே போவேன்? தவிர, ராத்திரி இரண்டு மணிக்கு லாக் பார்க்கிறவர்கள் வாயில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வாக்கியங்களில் என் மகள் பெயர் இருக்க வேண்டாம்.

கடைசியில் முறம் என்றே வைத்து, எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு மெயில். ஜாதகம் பார்த்து வைத்த பெயர் ரேஷன் கார்டில் கிடக்க, தெருவே 'குட்டி' என்று கூப்பிடும் பையனைப் போல, அதை எல்லாரும் முதல்நாளிலிருந்தே 'புதுசு2' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வினைச்சொல்லாகக்கூட ஆகிவிட்டது. "அந்த லாகைப் புதுசு பண்ணிட்டியா?" என்று அடுத்த சீட்டில் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண், நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"சார், புதுசு1 எங்க இருக்கு? அதைக் கத்துக்கிட்டு அப்புறம் இதுக்கு வரலாம்னு."

அன்று ராத்திரியே அதைப் 'புதுசு2' என்று கிடங்கில் பதிந்தேன். இடம் காலியாக இருந்தது. அந்தப் பெயரை உலகத்தில் வேறு யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மாமாவிடமிருந்து போன். அம்மா சொல்லியிருக்கிறாள்.

"கூட்டிப் பார்த்துட்டேன் மாப்ளே. புதுசு முப்பத்தெட்டு, ரெண்டு சேர்ந்தா நாற்பது. நாலு, ராகு. வேண்டாம். ரெண்டை மூணாக்கிடு. நாற்பத்தொண்ணு. அஞ்சு. புதன்! வியாபாரம் பிச்சிக்கிட்டுப் போகும்."

அது இலவசம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.