அரசுப் பள்ளிப் பக்தர்

ஆண்டு விழா மேடையிலே அவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டாரென்றால், இராமேசுவரத்துத் தொடக்கப் பள்ளியில் படித்த அப்துல் கலாமில் ஆரம்பித்து, கோதவாடி மயில்சாமி அண்ணாதுரையையும் சரக்கல்விளை சிவனையும் தரிசித்துவிட்டு, எட்டயபுரத்தில் 1956ஆம் ஆண்டு காமராஜர் தொடங்கி வைத்த மதிய உணவில் கண் கலங்கி, மதுரையில் 2022ஆம் ஆண்டு தொடங்கிய காலை உணவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அரசுப் பள்ளி நம்முடைய சொத்து; அதைக் காப்பது நம் தர்மம்" என்று முடிக்கும் வரையில், குறிப்புச் சீட்டு ஒன்றுகூட அவர் கையில் இருக்காது. கூட்டம் கைதட்டும். நானும் தட்டுவேன். அவர் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை, சங்கடமே அதுதான்.

விழா முடிந்து, காகிதத் தட்டில் மிக்ஸரும் டம்ளரில் தேநீருமாக எல்லோரும் நிற்கிற சமயத்தில், சூதுவாது தெரியாத எவராவது ஒருவர், "உங்கள் குழந்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் சார் படிக்கிறது?" என்று கேட்டுவிடுவார். அப்போது நம் பக்தர் மிக்ஸரிலிருந்து ஒரு நிலக்கடலையைப் பொறுக்கி எடுத்து, அதை நன்றாகப் பரிசோதித்து, வாயில் போட்டு மென்று விழுங்கிய பிற்பாடு, குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்: "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் சார். சம்சாரம் கேட்டால்தானே?"

அந்த வீட்டு நடைமுறை ஓரளவு எனக்குத் தெரியும். கூடத்து ஜன்னலுக்கு என்ன நிறத் திரை, மாதத்துக்கு எந்த அரிசி, ஆடிக்குத் தாய்வீடு போனால் என்றைக்குத் திரும்புவது என்கிற சகல விஷயங்களிலும் அந்த அம்மாளின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கியபோது கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக்கூட அவரே நிர்ணயித்தார். அப்பேர்ப்பட்ட இல்லத்திலே பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற ஒரே ஒரு விஷயத்தில் மாத்திரம் ஸ்திரீ சுதந்திரம் பூரணமாகக் கோலோச்சுகிறதென்றால், அதை நாம் சந்தோஷத்தோடு வரவேற்க வேண்டியதுதான். ஆனால், அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் விண்ணப்பப் படிவம் கொடுத்த தினத்தன்று விடியற்காலை நான்கு மணிக்கே ஃபிளாஸ்கில் காப்பியோடு வாசலில் வரிசை பிடித்தவரும், பெற்றோரை நேர்காணலுக்கு அழைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, 'ஒய் டிட் யூ சூஸ் அவர் ஸ்கூல்?' என்ற கேள்விக்குரிய பதிலை மொட்டை மாடியில் உலாவியபடி நெட்டுருப் போட்டவரும், டொனேஷனுக்காகச் சேமநல நிதியில் கடன் எழுதிக் கொடுத்தவரும் சம்சாரம் அல்ல.

ஈரோட்டில் 2011ஆம் ஆண்டு கலெக்டராயிருந்த ஆனந்தகுமார் தம் மகளைப் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் சேர்த்த செய்தியை அவர் சொல்லக் கேட்க வேண்டும். புராணப் பிரசங்கம் தோற்றுப் போகும். சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும்: "அவருக்கு வாய்த்த மனைவி அப்படி!" அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015இல், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும், மீறினால் தனியார் பள்ளிக்குக் கட்டுகிற தொகைக்குச் சமமாக அரசாங்கத்துக்கும் கட்ட வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்து அரசுக்கு உத்தரவிட்டதே, அதையும் அவர் மேடைதோறும் புகழ்வார். அவரும் அரசாங்கச் சம்பளக்காரர்தாம். "இங்கேயும் அப்படி வந்தால்?" என்று ஒரு முறை கேட்டேன். "வரட்டுமே! என்ன, வீட்டில்தான் ஒப்பமாட்டாள்" என்றார். நீதிமன்றத்துக்கும் மேலே ஒரு மேல்முறையீடு இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020இல் சட்டம் வந்தபோது, அவர் அடைந்த ஆனந்தம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். பெண் அப்போது ஏழாம் வகுப்பு. "சம்சாரம் ஒரு வருஷம் முந்தி மனசு மாறியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் அங்கலாய்த்தார்.

பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவது, கதர் உடுத்துவது முதலிய இதர பழக்கங்களை விட்டுவிடலாம். காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் மஞ்சள் வேன் ஹாரன் அடிக்கும்போது அவரைப் பார்ப்பதே தனி அனுபவம். டையும் பெல்ட்டும் பளபளக்கும் ஷூவுமாகப் பெண் முன்னே நடக்க, ஐந்தாறு கிலோ புத்தகப் பையைத் தோளில் சுமந்து இவர் பின்னே வருவார். நகராட்சிப் பள்ளி ஆசிரியை எதிரே வந்துவிட்டால், பை சட்டென்று பெண்ணின் முதுகுக்கு மாறிவிடும். அவர் மின்கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைச் சிரத்தையாக வாசிக்கத் தொடங்குவார்.

சென்ற தை மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் அந்த அம்மாளையே சந்திக்க நேர்ந்தது. பேச்சுவாக்கில் விசாரித்தேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமாங்க, நான்தான் வேண்டாம்னேன். இதிலே மறைக்க என்ன இருக்கு? அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர். ஒருத்தர் தேர்தல் வேலைக்குப் போயிட்டா, மத்தவங்க எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வராந்தாவில உட்கார வைக்கிறாங்க. கக்கூஸ் கழுவ ஆளில்லை. பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது? நானும் அங்கே படிச்சவதான். இதையெல்லாம் மேடையிலே சொல்லுங்கன்னு இவர்கிட்டேயும் சொன்னேன். அதை மட்டும் கேக்கலை."

எனக்கு அந்த அம்மாளிடம் குறையில்லை. கையில் காசும், கண்ணெதிரே இரண்டு வழியும் உள்ள தாய், தன் குழந்தைக்கு எது நல்லதென்று தோன்றுகிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறாள். குறையெல்லாம் இவரிடம்தான். அறுபது குழந்தைகள் வரையில் இரண்டு ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. வேன் ஏறுகிற பிள்ளைகள் பெருகப் பெருகத் தெருப் பள்ளியில் தலைகள் குறைகின்றன. தலைகள் குறைந்தால் ஆசிரியர் உபரியாகி வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார். ஆசிரியர் போனதைப் பார்த்து மேலும் நாலு பேர் வேன் ஏறுகிறார்கள். மிஞ்சுகிறவை சித்தாள் வேலைக்குப் போகிறவளின் குழந்தையும், வடக்கேயிருந்து பிழைக்க வந்தவனின் குழந்தையும். வேன் கட்டணம் இல்லாதவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கே இருக்கிறது? அந்தப் பெற்றோர்கள் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து ஆசிரியர் கேட்கவும், கக்கூஸ் கழுவ ஆள் கேட்கவும் அஞ்சுவார்கள். இவர் அஞ்ச வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக நாற்காலி போட்டு அழைக்கிறார்கள். அங்கேயும் போய் அப்துல் கலாம் கதையைத்தான் சொல்கிறார்.

நியாயமாகச் சொன்னால், அந்தப் பள்ளியின் வகுப்பறையில் சுழலும் இரண்டு மின்விசிறிகளும் அவர் வாங்கிக் கொடுத்தவை. இறக்கையில் தம் பெயரையும் எழுதச் சொல்லவில்லை. அதனால்தான் அவரை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கவிருக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தலைமையுரைக்கு அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள்; இவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போதும். அம்மாள் அவசியம் வருவார். இவர் வராவிட்டால் காரணம் விசாரிக்க வேண்டாம். சம்சாரம் விடவில்லை என்று சொல்லுவார்.