கரைவேட்டி நகர்வுக் கோட்பாடு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சட்டமன்றத் தேர்தலால் கட்சிகளின் பலம் மாறுவதை அறிஞர்கள் இதுவரை வாக்கு சதவீதத்தால் அளந்து வந்துள்ளனர். சதவீதம் நாற்காலியில் உட்காருவதில்லை, உட்காருவது கரைவேட்டி. ஆகவே, ஒரு கரைவேட்டி அரசு அலுவலகத்துக்குள் நுழைவதற்கும் "வாங்க அண்ணாச்சி, உட்காருங்க" என்ற குரல் எழுவதற்கும் இடைப்பட்ட நேரமே இவ்வாய்வின் அளவுகோல். எந்த அலுவலகம் என்று சொல்வது ஆய்வு நெறிக்கும் ஆய்வாளரின் உடல்நலத்துக்கும் ஒவ்வாது.

முதலில் கருவி. கருப்பு, சிவப்பு என்றால் தி.மு.க.; இடையில் வெள்ளை ஓடினால் அ.தி.மு.க. தமிழகத்து ஆட்சி அந்த வெள்ளைக் கோட்டின் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆடியிருக்கிறது. தோற்ற கட்சிக்காரர் கரைவேட்டியைக் கைவிடுவதில்லை; கஞ்சி மட்டும் குறைகிறது. வென்றவரின் வேட்டியோ ஆள் இல்லாமலே நிற்கும்.

இனி முக்கியக் கண்டுபிடிப்பு. 2016-இல் ராஜபாளையம் தி.மு.க.வின் தங்கப்பாண்டியனையும், ஸ்ரீவில்லிபுத்தூர் அ.தி.மு.க.வின் சந்திரபிரபாவையும் தேர்ந்தெடுத்தன. 2021-இல் ராஜபாளையத்தில் மீண்டும் தங்கப்பாண்டியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மீண்டும் அ.தி.மு.க., ஆள் மட்டும் மான்ராஜ். இரண்டு ஊரும் இம்மியும் அசையவில்லை. ஆனால் 2016-இல் 89 இடங்கள் பெற்ற தி.மு.க. 2021-இல் 133-க்குப் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த 'ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.' என்ற பட்டம், ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டது. பயண நேரம் அரை மணி.

இங்கே அவசரக்காரர்கள், எம்.எல்.ஏ. இருக்கும் இடத்தில் நாற்காலி இருக்கும் என்று முடிவு கட்டுவார்கள். அது பிழை. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்குக் கிடைப்பது லெட்டர்பேடு. அதே ஊரில் அவரிடம் தோற்றவர் பக்கத்து ஒன்றியச் செயலாளருக்குக் கிடைப்பது நாற்காலி, விசிறி, சர்க்கரை தூக்கலாக டீ. எம்.எல்.ஏ. கொடுத்த மனு மேஜையில் இருக்கும். செயலாளர் சொன்ன சொல் மேஜையைத் தாண்டியிருக்கும். மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, வேறொருவர் அமர்கிறார். 234 பேர் கொண்ட அவையில் 118 என்ற எண்ணிக்கையைத் தொட்டவர் யார் என்பதே அந்த நாற்காலியைத் தீர்மானிக்கிறது. அந்த 118-க்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் போட்டது ஒன்று, அல்லது அதுவுமில்லை.

பால்வளத் துறை அமைச்சராக இருந்த ராஜேந்திர பாலாஜி, 2021-இல் சிவகாசியை விட்டு ராஜபாளையத்துக்கு வந்து நின்று, நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். பாலுக்குரிய அமைச்சர் பால்கோவா ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் அல்லவா நின்றிருக்க வேண்டும் என்று கேட்கலாம். வழியில்லை, அது தனித் தொகுதி. அதுகூட இடம் மாறி வந்ததுதான்: முன்பு ராஜபாளையம் தனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொது. 2008 தொகுதி மறுவரையறை இரண்டையும் மாற்றிப் போட்டது.

கோட்பாட்டுக்கு அடங்காதவர் தாமரைக்கனி. அ.தி.மு.க. கூட்டணி மாநிலத்தையே வாரிச் சுருட்டிய 1991-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சுயேச்சையாக வென்றார், அ.தி.மு.க. நாலே இடத்துக்குச் சுருங்கிய 1996-இல் அந்த நாலில் ஒருவராக வென்றார். காற்றுக்கு எதிரே வேட்டி பறந்த வேறு சான்று எமக்குக் கிட்டவில்லை. நேர்மாறானவர் ராஜபாளையத்துக்காரர் பூ.ச.குமாரசுவாமி ராஜா. முதலமைச்சராக இருந்துகொண்டே 1952 தேர்தலில் தோற்றார். 375-இல் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸ், தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவை வழியாகக் கொண்டுவந்து நாற்காலியில் அமர்த்தியது. தோற்றவருக்கும் நிற்காதவருக்கும் உள்ள வேறுபாடு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கருவியின் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2006-இல் தி.மு.க. அணியிலும், 2011-இல் அ.தி.மு.க. அணியிலும் நின்று, இரண்டு முறையும் ஸ்ரீவில்லிபுத்தூரை வென்றது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. தோழர்கள் கட்டுவது வெறும் வெள்ளை வேட்டி. ஆகவே அந்தப் பத்தாண்டுக்கு, கூட வந்த கூட்டணிக்காரர்களின் கரையை வைத்தே அளக்க நேர்ந்தது. அவர்களும் தோழருக்கு முன்பாகவே உட்கார்ந்துவிட்டபடியால், அளவில் பெரிய சிக்கல் எதுவும் எழவில்லை.