பால்கோவாவும் பேட்டரியும்: தசைவழி மின்னேற்றம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற மின்வாரியம் வேண்டுமா, தொடைச்சதை போதுமா என்பதே வினா. ஆய்வுக்களம், ராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலான சுமார் 12 கி.மீ. சாலை.

முன்னோர் வழி: சைக்கிள் டைனமோவை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டயரை உரசிச் சுற்றும் அந்தக் குப்பி தருவது 6 வோல்ட், 3 வாட். அதைச் சாய்த்துவிட்டதுமே மிதி கனக்கும். வண்டி நின்றால் விளக்கு அணையும். மழையில் டயர் வழுக்கினால் வெளிச்சம் கண்சிமிட்டும். மின்சாரத்துக்கு எடை உண்டு என்பதை நம் முழங்கால்கள் அன்றே நிறுவிவிட்டன.

தள்ளுபடியான தசைகள்: ராஜபாளையம் நாய்தான் முதல் தேர்வு. 2005இல் தபால்தலையிலேயே இடம்பெற்ற இனம். ஆனால் அறிமுகமில்லாதவர் வயரோடு நெருங்குவதை அது அறிவியலாகக் கருதவில்லை. அடுத்தது ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேர். வடம் பிடிப்போரில் ஆயிரம் பேர், ஆளுக்கு 75 வாட் என்று இழுத்தாலும் 75,000 வாட். ஆனால் ஆடிப்பூரம் ஆண்டுக்கொரு முறை. சார்ஜ் இறங்குவதோ அன்றாடம். ஆகவே ஆய்வாளரே சைக்கிள் ஏறினார்.

கணக்கு: டைனமோவின் மாறுமின்சாரத்தைச் சிறு சர்க்யூட் ஒன்று 5 வோல்ட் நேர்மின்சாரமாக்கியது. 5000 எம்.ஏ.எச். பேட்டரி கொள்வது ஏறத்தாழ 19 வாட்-மணி. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஒரு நடைக்கு 48 நிமிடம். சேதாரத்தைக் கழிக்காமல் 2.4 வாட்-மணி. போன் நிறைய எட்டு நடை, அதாவது நான்கு முறை போய்வர வேண்டும்.

பால்கோவாச் சமன்பாடு: உண்டதில் கால் பங்கைத்தான் தசை உழைப்பாக்கும், அதிலும் பாதியை டைனமோ விழுங்குவதாகக் கொள்வோம். ஒரு முழுச் சார்ஜுக்கு உடல் செலவிடுவது சுமார் 130 கலோரி. நூறு கிராம் பால்கோவாவுக்கு 400 கலோரி என்று வைத்தால், 33 கிராம். வாரியத்தின் ஒரு யூனிட்டோ ஐம்பது முறை சார்ஜ் ஏற்றும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு வீடுகளுக்கு இலவசமாகவே தருகிறது. பால்கோவாவை எவரும் அப்படித் தருவதில்லை.

முடிவு: ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்ந்ததும் ஆராய்ச்சியின் பொருட்டுக் கால் கிலோ பால்கோவா வாங்கப்பட்டு, நின்ற இடத்திலேயே உண்ணப்பட்டது. அதில் டைனமோவுக்கு 4 கிராம், வண்டியை நகர்த்தியதற்கு 75 கிராம் கழித்தாலும் 171 கிராம் மிச்சம். போனில் ஏறியது எட்டில் ஒரு பங்கு. முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்று உண்டு. அது ஆய்வாளரின் பெல்ட்டுக்கு மேலே இருக்கிறது.