கைக்குப் பத்தாத வில்

வில் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் கையை அளப்பார்கள். நான் எங்கள் வீட்டு ஃபேனை அளந்தேன்.

என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். வில்லை நிமிர்த்திப் பிடித்தால் அதன் நடு என் தோளுக்கு நேராக வரும். 70 அங்குல வில் என்றால் அதில் பாதி, 35 அங்குலம், தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கூட்டிப் பார்த்ததில் வில்லின் முனையும் ஹால் ஃபேனின் இறக்கையும் எட்டடி உயரத்தில் சந்தித்துக்கொண்டன. 60 அங்குல வில் என்றால் ஐந்து அங்குலம் தப்பும். ஹாலில் சும்மா இழுத்துப் பழகுவேன், அம்பு வைக்கவே மாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்து கொடுத்திருந்தபடியால் இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. “ரெண்டடி தள்ளி நின்னா ஃபேனே குறுக்க வராதே” என்றாள் மனைவி. அவள் சொன்னபோது வில் கூரியரில் வந்து இறங்கியாயிற்று.

வெளியே நான் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. மின்சார ரயிலில் தூக்கிக்கொண்டு போவதற்குச் சின்ன வில்தான் தோது என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். இப்போது விற்கிற ரிகர்வ் வில்கள் பெரும்பாலும் மூன்று துண்டாகக் கழலும். கையில் பிடிக்கிற நடுத்துண்டுக்கு ரைசர் என்று பெயர். மேலும் கீழும் வளைகிற இரண்டும் லிம்ப். கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டால் 60 அங்குல வில்லுக்கும் 70 அங்குல வில்லுக்கும் பையின் நீளத்தில் நாலைந்து அங்குலம்தான் வித்தியாசம். ரயிலில் அதைக் கவனிக்க ஆள் கிடையாது.

உள்ளுக்குள் இருந்த காரணம் மங்கோலியக் குதிரை வீரர்கள். பாய்கிற குதிரையின் மேல் உடம்பைப் பின்னால் திருப்பி, கைக்கடக்கமான வில்லிலிருந்து அம்பு விடுகிறவர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து, குட்டை வில்தான் வில் என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. ஸ்கூட்டரிலேயே திரும்பிப் பார்த்தால் தடுமாறுவேன்.

வில்லை விற்றவர் நல்ல மனிதர். “உங்க டிரா லெங்த் என்ன சார்?” என்று ஒழுங்காகத்தான் கேட்டார். நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் டிரா லெங்த். நான் யோசிக்காமல் 28 என்றேன். எங்கே பார்த்தாலும் லிம்பில் ‘28 அங்குலத்தில் 35 பவுண்ட்’, ‘28 அங்குலத்தில் 40 பவுண்ட்’ என்றே அச்சடித்திருந்ததால், 28 என்பது மனிதகுலத்தின் அளவு என்று நினைத்திருந்தேன். அது வில்லின் பலத்தை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட பொது அளவு மட்டுமே. அந்த வில்லோடு வந்த தாளில் 29 அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள் என்று ஒரு வரி இருந்தது. மருந்துச் சீட்டில் இருக்கும் பொடி எழுத்தைப் போல அதையும் மடித்து வைத்தேன்.

என் கையைப் பற்றி நான் பேசாமல் இருந்ததற்குப் பழைய காரணம் உண்டு. கை நீளம் என்று நம் ஊரில் சொல்லிக்கொள்ள முடியாது. கேட்கிறவர் பர்ஸை உள்ளே தள்ளிவிடுவார். ரெடிமேட் முழுக்கைச் சட்டை எதுவும் என் மணிக்கட்டைத் தொட்டதில்லை. ஆகவே கல்லூரி நாளிலிருந்தே முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, அதுதான் என் ஸ்டைல் என்று நடமாடி வருகிறேன். ராமனை ஆஜானுபாகு என்பார்கள், முழங்காலைத் தொடும் கைகள். அவனிடம் டிரா லெங்த் கேட்காமல் வில்லைக் கொடுத்ததில் என்ன ஆயிற்று என்பதற்கு மிதிலையே சாட்சி. அங்கே உடைந்ததற்குப் பெண் கொடுத்தார்கள்.

முதலில் கொஞ்ச நாள் அந்த வில் எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. அதற்கு நான் வில் பிடித்த லட்சணம்தான் காரணம். வில் பழகப் போன ரேஞ்சில் ஒருவரிடம் இரவல் வாங்கிய அம்புகள் குட்டையானவை. அம்பின் முனை, அது உட்கார்ந்திருக்கும் ரெஸ்ட்டைத் தாண்டிப் பின்னால் வந்துவிட்டால் கையில் குத்தும், விட்டால் இன்னும் மோசம். அந்தப் பயத்தில் இடது முழங்கையை மடக்கி, தோளைக் காதுவரை தூக்கி, நாணைக் கன்னத்துக்கு முன்னாலேயே நிறுத்தி விட்டுக்கொண்டிருந்தேன். 28 அங்குலம் வந்ததே பெரிது. பத்து மீட்டரில் வைக்கோல் அட்டையில் அம்பு தைத்தபோதெல்லாம், குட்டை வில் கூடாது என்றவர்களை மனத்துக்குள் ஏளனம் செய்தேன்.

ரேஞ்சின் கோச் என் வயதில் பாதி உள்ள பையன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “சார், நீங்க வில்லை இழுக்கல. அது பக்கத்துல பயந்து நிக்கறீங்க” என்றான். தோளை இறக்கச் சொன்னான், கையை நீட்டச் சொன்னான், முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்த் தாடைக்கடியில் கையைப் பதிக்கச் சொன்னான். நின்ற இடத்திலேயே மூன்று அங்குலத்துக்கு மேல் நீண்டுவிட்டேன். பிறகு இரண்டு கைகளையும் விரித்து நிற்கவைத்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை டேப் வைத்தான். 79 அங்குலம். அதை 2.5ஆல் வகுத்தால் டிரா லெங்த் தோராயமாக வந்துவிடும்: 31.6. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கிளப் வில்லைக் கொடுத்து இழுக்கச் சொல்லி, நாணிலிருந்து கைப்பிடியின் பள்ளம்வரை நேராக அளந்தான். 29¾ வந்தது. “பாத்தியா, 29தான்” என்றேன். முக்காலை நான் விழுங்கியதை அவன் பொருட்படுத்தவில்லை. “அதோட ஒண்ணே முக்கால் சேக்கணும் சார்” என்றான். வில் செய்கிறவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு வைத்திருக்கும் முறை அது. சேர்த்தால் 31½. அதோடு, “இந்த வில்லு உங்களுக்குப் பத்தாது” என்றும் சொன்னான்.

சொன்னதை நான் கேட்கவில்லை. நீளமான அம்புகள் மட்டும் வாங்கினேன், வில்லை வைத்துக்கொண்டேன்.

குட்டை வில்லில் நீளக் கை என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சரியான வில்லில் ஒவ்வொரு அங்குல இழுப்புக்கும் ஏறக்குறைய இரண்டு பவுண்ட் கூடும்; ஏறுவது சீராக இருக்கும். இழுக்க இழுக்க நாணுக்கும் லிம்பின் நுனிக்கும் இடையிலான கோணம் விரிந்துகொண்டே போகும். அது செங்கோணத்தை நெருங்கியதும் லிம்ப் நெம்புகோலாக வேலை செய்வது குறைந்துவிடும். அதற்கு மேல் இழுப்பது வளைக்கிற வேலையாக இருக்காது, லிம்பையே நீளவாக்கில் பிடித்து இழுப்பதாக ஆகிவிடும். குட்டை வில்லில் அந்தக் கட்டம் சீக்கிரம் வந்துவிடும். ‘ஸ்டாக் ஆகுது’ என்பார்கள். ஓர் இடத்தில் வில் ‘போதும்’ என்று நின்றுவிடும். என் கையோ இன்னும் இரண்டு அங்குலம் பாக்கி வைத்திருக்கும்.

இன்னொரு வில்லங்கம் விரலில். நாண் குறுகிய கோணத்தில் மடங்குவதால், ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் நடுவிரலை நெருக்கும். மூன்றும் சேர்ந்து அம்பின் கொண்டையைக் கிள்ளும். அம்பு ரெஸ்ட்டை விட்டு எழும்பித் துள்ளும். மோதிர விரல் ஒரு கட்டத்தில் தானாகவே கழன்றுகொள்ளும். விரலுக்குப் போடும் தோல் காப்பு மெல்லிசாக இருப்பதுதான் காரணம் என்று தடித்ததாக ஒன்று வாங்கினேன். பிறகு நாணை மாற்றினேன். பிறகு சென்னை வேர்வையைக் குறை சொன்னேன்.

மூக்குக் கதை தனி. நீள வில்லில் முழு இழுப்பில் நாண் தாடையையும் மூக்கு நுனியையும் தொட்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இழுத்தோமா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வது. என் வில்லில் நாண் தாடையிலிருந்து சரிந்து முன்னால் ஓடிவிடும். நாண் மூக்கைத் தேடி வரவேண்டும். நான் நாணைத் தேடி மூக்கை அனுப்பினேன். கழுத்தை நீட்டி நின்ற என்னைப் பார்த்து, ரேஞ்சில் பயிற்சிக்கு வரும் பன்னிரண்டு வயதுப் பெண், “அங்கிள், இது எங்க சைஸ் வில்லாச்சே?” என்றாள். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் வில் இது, புதரில் மாட்டாது என்றேன். அவள் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். புதர் இல்லை.

தோற்கிறவன் கடைசியில் சரித்திரத்தைத்தான் துணைக்கு இழுப்பான். கொரியாவின் பழைய கொம்பு வில் நான்கடியை ஒட்டித்தான் இருக்கும்; 30 அங்குலத்துக்கு மேல் இழுபடும்; அதை வைத்துக்கொண்டு 145 மீட்டர் தள்ளியிருக்கும் பலகையை அடிக்கிறார்கள். துருக்கியர்களின் வில் இன்னும் குட்டை. இதையெல்லாம் படித்துவிட்டுப் போய் கோச்சிடம் அடுக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். “அது எருமைக் கொம்பு, மாட்டு நரம்பு, மூங்கில், மீன் பசை. உங்களுது மரமும் ஃபைபர்கிளாஸும். அவங்க கட்டைவிரல்ல இழுக்கிறாங்க, நீங்க மூணு விரல்ல.” கொம்பு நசுங்கத் தாங்கும், நரம்பு இழுபடத் தாங்கும், இரண்டையும் ஒட்டினால்தான் சின்ன உடம்பில் அவ்வளவு வளைவு கிடைக்கும். கட்டைவிரல் ஒன்றே நாணைக் கொக்கிபோட்டுப் பிடிப்பதால் விரல் நெருக்குகிற தொல்லையும் கிடையாது. வெறும் மரத்தை நம்பிய ஆங்கிலேயர்கள் நீளத்தால் ஈடுகட்டினார்கள். 1545ல் மூழ்கி 1982ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த யூ மர வில்கள் இரண்டு மீட்டரை ஒட்டிய நீளம். எங்கள் ஹால் ஃபேன் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது கட்டைவிரலை மட்டும். மோதிரம் ஒன்று வரவழைத்து மாட்டிக்கொண்டு இழுத்தேன். அம்பு கீழே விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது. கட்டைவிரலால் இழுக்கும் வலக்கைக்காரன் அம்பை வில்லின் வலப்பக்கம் வைக்கவேண்டும். நான் பழக்க தோஷத்தில் இடப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். என் வில்லில் வலப்பக்கம் அம்பு உட்கார இடமே கிடையாது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் கோச் பவுண்ட் பார்க்கும் ஸ்கேலை நாணில் மாட்டி இழுத்துக் காட்டினான். 28ல் 35, 29ல் 38, 30ல் 41, 31ல் 45. அரை அங்குலம் இன்னும் இருந்தது. 48 காட்டியபோது அவனே பயந்து இறக்கிவிட்டான். 35 பவுண்ட் வில் வாங்கியவன் மாசக்கணக்கில் 48 பவுண்ட் இழுத்திருக்கிறேன். லிம்ப்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் தேடினான். அதிசயமாக ஒன்றுமில்லை.

அதன் பிறகும் புத்தி உடனே வரவில்லை. 66 அங்குலத்தில் சமரசம் செய்துகொள்ளலாம் என்று 25 அங்குல ரைசரும் ஷார்ட் லிம்பும் ஆர்டர் போடப் போனேன். பணம் கட்டுவதற்குள் கோச் தடுத்தான். மொத்த நீளம் ஒன்றேயானாலும் வளைவது லிம்ப்தான், ரைசர் வளையாது. அதே 66 அங்குலத்தை 21 அங்குல ரைசரிலும் லாங் லிம்பிலும் கட்டலாம். கைப்பிடியில் மிச்சம் பிடித்த நாலு அங்குலமும் வளைகிற பாகத்துக்குப் போகும். நீளக் கைக்காரன் குட்டை வில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அவனுக்கு உள்ள வழி அது. 17 அங்குல ரைசரில் லாங் லிம்ப் போட்டு 62 அங்குலம்கூடச் செய்கிறார்கள். என் கைக்கு அது வேண்டாம் என்று அவன் சொன்னான். குதிரை எப்போது வாங்கப்போகிறீர்கள் என்றும் கேட்டான்.

25 அங்குல ரைசர், லாங் லிம்ப், 70 அங்குலம் வாங்கினேன். முதல் நாளே நாண் மூக்கைத் தொட்டது. மோதிர விரல் ஒழுங்காக இருந்தது. ஃபேனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறேன்.

பழைய வில்லை அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அம்மா கேட்டார். மகளைக் கூட்டிவந்து மரத்தடியில் காத்திருந்தவர், சும்மா உட்காருவானேன் என்று வில் பழகி, என்னைத் தாண்டிப் போய்விட்டவர். அவருக்கு டிரா லெங்த் 26. என் வில்லை வாங்கி, நிதானமாக இழுத்து, அம்பை இலக்கின் நடு மஞ்சளில் வைத்தார். விலை சொன்னேன்.

“இது 35 பவுண்ட் வில்லு விலை சார். எனக்கு ஸ்கேல்ல 30தான் காட்டுது. நான் ஏன் 35க்குத் தரணும்?”

அந்தக் கணக்கில் போனால், 48 இழுத்த நான் விற்றவருக்கு இன்னும் பாக்கி கட்டவேண்டி வரும். வாதம் செய்யவில்லை. ஏழில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, “பையும் இதோட சேத்திதானே?” என்றார்.