முதலில் இயமம், பிறகுதான் ஆசனம்

எழுபதுகளில் சேலத்து மலைக் கிராமமான தலைச்சோலையில் ஆசனம் பழக எங்களுக்குக் கிடைத்த இடம் காப்பிக் களம். பழம் பறிப்பு முடிந்து களம் காலியானதும், விடியற்காலைப் பனியில் கோணிச் சாக்கை விரித்து உட்காருவோம். சொல்லிக்கொடுத்தவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. காசு வாங்கியதில்லை.

ஒருநாள் ஒரு பையனின் டவுசர் பையில் ஆரஞ்சுப் பழம் துருத்திக்கொண்டிருந்தது.

“யாரு மரத்துப் பழம் தம்பி?”

“பக்கத்துத் தோட்டத்துதுங்க ஐயா.”

“போயிக் குடுத்துட்டு வா. அப்புறமாக் காலை மடக்கலாம்.”

அவன் போய்த் திரும்பும்வரை பாடம் தொடங்கவில்லை.

அவர் கையில் எப்போதும் திருமந்திரம் இருக்கும். மூவாயிரம் பாடல் கொண்ட அந்த நூலின் மூன்றாம் தந்திரத்தில், இயமம், நியமம் என்ற ஒழுக்கங்களைச் சொன்ன பிறகே திருமூலர் ஆசனத்துக்கு வருகிறார். கொல்லாமை, பொய்யாமை, திருடாமையோடு நடுவுநிலைமையும் பகிர்ந்து உண்பதும் அவருக்கு இயமம். பதஞ்சலியின் வரிசையும் அதுதான்: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை என்ற ஐந்தும் யோகத்தின் எட்டு அங்கங்களில் முதல் அங்கம், ஆசனம் மூன்றாவது. அதற்கு அவர் ஒதுக்கியவை மூன்றே சூத்திரங்கள்.

இன்று சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களுக்கு விடுதிப் புல்வெளியில் யோகா காத்திருக்கிறது. சென்ற கோடையில் அப்படி ஒரு வகுப்பைப் பார்த்தேன். சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளையும் மூச்சோடு சேர்த்து அழகாகச் செய்தார்கள். பயிற்சியாளர் ஒவ்வொருவர் முதுகையும் தோளையும் பொறுமையாகத் திருத்தினார். பக்கத்தில் புல்லுக்குத் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப்புறம், குடங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தார்கள் தோட்டத்துப் பெண்கள். வகுப்பு கலைந்ததும் பாதி குடித்த பாட்டில்கள் புல்லில் கிடந்தன.

அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் களத்தில் ஒரு பெண்பிள்ளைகூட உட்கார்ந்ததில்லை. நடுவுநிலைமையைப் பாடமாகக் கேட்ட இடத்தில் அது பெரிய குறை. ஜூன் 21-ஐ யோகா தினமாக ஐ.நா. 2014 டிசம்பரில் அறிவித்தது. 2015 முதல் கொண்டாடுகிறோம். இப்போது அந்த நாளில் பள்ளி மைதானத்தில் பெண்பிள்ளைகள் ஒற்றைக் காலில் விருட்சாசனத்தில் நிற்பதைப் பார்க்க மனம் நிறைகிறது. நாளெல்லாம் சரிவில் நின்று பழம் பறிக்கும் அவர்களுடைய அம்மாக்களின் முதுகுவலிக்கும் இந்தப் பயிற்சி போய்ச் சேர வேண்டும்.

ஆசனம் இவ்வளவு தூரம் பரவிய மலையில் இயமமும் பரவ வேண்டும் என்பதே என் ஆசை. இங்கே கள்ளாமை என்றால் ஊர்க் குடத்துக்குச் சேர வேண்டிய தண்ணீரில் கைவைக்காதது. கொல்லாமை என்றால் காட்டெருமை இறங்கும் ஓடையில் கண்ணாடிப் பாட்டிலை உடைத்துப் போடாதது. வகுப்பு எடுப்பவர்கள் முதல் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுக்கட்டும். தெளிப்பானை நிறுத்தி அந்தத் தண்ணீரை வேலிக்கு அந்தப்புறம் திருப்பிவிடுகிற விடுதியில் முதல் அங்கம் தொடங்கிவிட்டது; மிச்சம் ஏழையும் நிதானமாகப் பழகிக்கொள்ளலாம்.