முந்நூறு அடித் தண்ணீரும் முதல் டிகாக்‌ஷனும்

காபிப் பொடியின் மேல் தண்ணீர் எவ்வளவு பாரமாக உட்கார வேண்டும் என்ற வினாவை மயிலாப்பூரில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. ஃபில்டரின் மேலடுக்கில் நாலு விரற்கடை வெந்நீர் நிற்கும். தன் எடையிலேயே இறங்கும். அதுவரை வீட்டார் பேப்பர் படிப்பர். இந்தச் சமாதானத்தைக் குலைக்க வந்ததே கைநெம்புகோல் எஸ்பிரஸோ மெஷின். தி.நகர், அடையாறு மேடைகளில் மிக்சிக்குப் பக்கத்தில் அது இடம்பிடித்துவிட்ட நிலையில், ஆய்வு இனியும் தாமதிக்கலாகாது.

(கல்யாண மண்டபத்தில் உஸ்ஸென்று ஆவி விட்டு, நுரைமேல் சாக்லேட் பொடி தூவிக் கொடுத்தார்களே, அந்த எஸ்பிரஸோ இவ்வாய்வில் சேராது. அது தனிச் சமயம்.)

மெஷினின் மூலமந்திரம் 9 பார் அழுத்தம். அதாவது, சுமார் முந்நூறு அடி உயரத் தண்ணீரின் பாரம். இதைப் பாட்டியின் ஃபில்டராலேயே சாதிக்க முடியுமா? முடியும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரம் சுமார் 120 அடி. ஆக 297, குறையும் மூன்றடிக்கு ஒரு ஸ்டூல். எல்.ஐ.சி.யின் மேல் கோபுரத்தை ஏற்றி, உச்சியில் அண்டா வைத்து, அங்கிருந்து குழாயைக் கீழே ஃபில்டருக்கு இறக்கினால் எஸ்பிரஸோ வந்தே தீரும். கோபுரத்தின் மேல் எல்.ஐ.சி.யை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் அபசாரம். வழியிலேயே வெந்நீர் ஆறிவிடாதா என்பார்க்கு விடையில்லை. நெம்புகோலின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

மிலான் நகரத்து அக்கில்லே காஜ்ஜா 1947இல் அதற்குக் காப்புரிமை கோரினார். அதற்கு முந்தைய நீராவி மெஷின்கள் ஒன்றரை, இரண்டு பாரிலேயே மூச்சுவாங்கின, நுரை கிடையாது. புது மெஷினின் நுரையைப் பார்த்து முகம் சுளித்தவர்களிடம், காபியின் க்ரீம் இது என்று அவர் விற்றார். ஆற்றியே நுரை கண்ட இனம் இதற்கெல்லாம் அசராது. உருளை, அதனுள் இறங்கும் தண்டு, அடியில் துளைத் தட்டு: இம்மூன்றும் சேவை நாழியாக நம் பரணில் வெகுகாலம் கிடந்தவை. மாவுக்குப் பதில் வெந்நீரை இட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதே நம் வரலாற்றுத் துயரம்.

ஐந்து செ.மீ. பிஸ்டனில் 9 பார் என்றால் கிட்டத்தட்ட 180 கிலோ. நெம்புகோல் பத்து மடங்கு உதவினால் கைக்கு மிஞ்சுவது பதினெட்டு கிலோ, அதாவது முக்கால் சிப்பம் அரிசி. அதை முப்பது விநாடி அசையாமல் அழுத்த வேண்டும். இதில் என்ன சுகம்? இருக்கிறது. பொடி சற்றே கரகரப்பாக இருந்தால் பிடி தொபுக்கென்று விழும்; மாவாக அரைத்திருந்தால் மனிதன்தான் தொங்குவான்; பதம் சரியென்றால், கெட்டியாக ஒரு எதிர்ப்பு உள்ளங்கையில் ஏறி, மெல்ல இளகிக் கொடுக்கும். அந்த இளகலுக்காகவே காலையில் இரண்டாவது கப் போடுகிறவர்கள் உண்டு. முதல் கப்பைக் குடித்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. ஃபில்டர் இப்படி யாரோடும் பேசுவதில்லை. போதாக்குறைக்கு, கடையில் ஃபில்டருக்கு அரைத்த சிக்கரிக் கலவை இதற்கு ஆகாது. கையரைவை ஒன்றும் வாங்கியாக வேண்டும். உடற்பயிற்சி இரட்டிப்பு.

பெருங்குறை ஒன்றுண்டு. இதில் இரண்டாம் டிகாக்‌ஷன் கிடையாது. அழுத்தி முடித்தால் மிஞ்சுவது வில்லையாக இறுகிய சக்கை. அதில் மறுபடி வெந்நீர் விட்டால் வருவது பாத்திரம் கழுவிய நீர். வந்தவர் யார் என்று பார்த்து முதலா இரண்டாவதா என்று தீர்மானிக்கும் மாமிகளின் ராஜதந்திரம் இதனால் அடியோடு செல்லாமல் போகிறது. சீட்டுப் பணம் கேட்டு வருபவருக்கும் கள்ளிச்சொட்டாகவே போட்டாக வேண்டும். அடையாறில் ஒரு வீட்டில் மட்டும் இதற்குத் தீர்வு கண்டிருக்கிறார்கள்: அழைப்பு மணி அடித்ததும் மெஷின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, பழைய ஃபில்டரை எடுக்கிறார்கள்.