ஆட்டநாள் அரட்டையில் திணைமயக்கம்: 2020ஆம் ஆண்டுக் கூதிர்காலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்கள் பார்த்துக்கொண்டே என்ன பேசுகிறார்கள் என்ற கேள்விக்குத் தமிழ்ப் புலமையுலகம் உரிய கவனம் தரவில்லை. தராததால் யாருக்கும் நட்டமில்லை என்பாரும் உளர். அவர்களைக் கட்டுரையின் பிற்பகுதியில் மறுப்பதாக இருந்தேன், இடமில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காலம் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. ஆய்வுக்களம் சோபா. அந்தப் பருவத்தில் அந்நாட்டு வரவேற்பறைகளில் ஒலித்த பேச்சின் மாதிரி ஒன்று, நம் பேச்சுவழக்கில்:

“மூணாவது டவுன், இன்னும் ஏழு கஜம் போகணும். அக்காவுக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா? பென்சில்வேனியாவுல எண்ணி முடிச்சாங்களா இல்லையா? ஐயோ, பந்தை விட்டுட்டான் பாரு!”

இது இன்னார் சொன்னது என்று கேட்க வேண்டாம், எல்லாரும் சொன்னது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. அரட்டையாளர் பெயர்களை விட்டதற்கு அதுவே காரணம். பயிற்சியாளர், அதிபர், வேட்பாளர் முதலியோர் புறத்திணை மாந்தர். அவர்கள் பெயர் வரலாம், வரும்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். பத்து கஜ நிலத்துக்கு டவுன் என்ற பெயரில் நான்கு முறை முட்டி மோதும் ஆட்டம் உழிஞையும் நொச்சியுமாகிய புறம் ஆயிற்றே, அதை அகத்தில் வைப்பது எப்படி? விடை எளிது. மைதானத்தில் இருப்பவர்களுக்கு அது புறம். சோபாவில் இருப்பவருக்கு அது முழுக்க முழுக்க அகம். அவரைப் பாருங்கள்: தூக்கம் இல்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, அவ்வப்போது கண்ணை மூடிக்கொள்கிறார். மெய்ப்பாட்டியலில் வேறென்ன வேண்டும்?

இனி முதற்பொருள். அது நிலமும் பொழுதும். எடுத்துக்காட்டாக 2020 நவம்பர் 7, சனிக்கிழமை, இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரம். நம் கணக்கில் ஐப்பசி மாதம். பெரும்பொழுது கூதிர்; அது குறிஞ்சிக்கு உரியது. ஆட்டம் தொடங்கியது மாலை 7.30க்கு. மாலை முல்லைக்கு உரிய சிறுபொழுது. இரண்டாவது ஓவர்டைம் முடிந்தபோது யாமம், மறுபடியும் குறிஞ்சி. ஆக, பந்து உதைபடும் முன்பே மயக்கம் தொடங்கிவிட்டது.

நிலத்தின் நிலை இன்னும் சிக்கல். இந்த ஆட்டத்தின் உண்மையான நிலம் மைதானமன்று, அதன் கார் நிறுத்துமிடம். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே வந்து, காரின் பின்கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, கொடி கட்டி, ஹாரன் அடித்துப் பேசித் தீர்ப்பார்கள். டெயில்கேட் என்பது இதற்குப் பெயர். பெருந்தொற்றுக் காலத்தில் சவுத் பெண்டின் நோட்ர டாம் பல்கலைக்கழகம் இதைத் தடை செய்தது. எழுபத்தேழாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் அன்று சுமார் பதினோராயிரம் பேர்தான். அப்படியானால் கார் நிறுத்துமிடம் எங்கே போனது? டெலவேர் மாநிலத்து வில்மிங்டனுக்குப் போனது. அதே சனிக்கிழமை இரவு ஜோ பைடனும் கமலா ஹாரிஸும் வெற்றியுரை ஆற்றியது ஒரு கார் நிறுத்துமிடத்தில்தான். கூட்டம் கார்களில் வந்திருந்தது, கொடி பிடித்தது, கைதட்டலுக்குப் பதில் ஹாரன் அடித்தது. ஒரு திணைக்குரிய நிலம் கொடியோடும் ஹாரனோடும் அப்படியே பெயர்ந்து இன்னொரு திணையில் போய் உட்கார்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று உரையாசிரியர் எவருக்கும் கிடைத்திருக்காது.

கருப்பொருளை விரைவாகப் பார்த்துவிடலாம். தெய்வம்: நோட்ர டாம் நூலகச் சுவரில் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் கிறிஸ்து. நடுவர் டச்டவுன் காட்டுவதைப் போலிருப்பதால் ரசிகர்கள் அவரை டச்டவுன் ஜீசஸ் என்பார்கள். உணவு: கோழியிறக்கை. விலங்கு: புலி, கரடி, சிங்கம். புள்: அண்டங்காக்கை, கழுகு, வல்லூறு. எல்லாம் அணிகளின் பெயர்கள். பறை: அந்த ஆண்டு தொழில்முறை ஆட்டங்களில் வெறும் இருக்கைகளுக்கு நடுவே ஒலிபெருக்கியில் ஓடிய, முன்கூட்டியே பதிவுசெய்த ஆரவாரம்.

இப்போது நவம்பர் 7க்குள் நுழைவோம். அதிபர் தேர்தல் நடந்தது அதற்கு முந்தைய செவ்வாய். பென்சில்வேனியாவில் தபால் வாக்குகளின் உறையைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கச் சட்டம் இடந்தரவில்லை. ஆகையால் நாடே நான்கு நாள் தொலைக்காட்சி முன்னால் கிடந்தது. சனிக்கிழமை முற்பகல் பதினொன்றரை வாக்கில் தொலைக்காட்சிகள் பைடன் வென்றார் என்று அறிவித்தன. அன்று மாலையே தரவரிசையில் முதலிடத்து கிளெம்சனும் நான்காம் இடத்து நோட்ர டாமும் மோதின. கிளெம்சனுக்காகப் பந்தெறியும் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் கொரோனாவால் ஆட முடியவில்லை. அவருக்குப் பதில் வந்த டி.ஜே. உயாங்கலெலே 439 கஜம் எறிந்தார். என்.பி.சி ஒளிபரப்பிக்கொண்டிருந்தது, பாதியில் வில்மிங்டன் உரை தொடங்கவே, ஆட்டத்தை யு.எஸ்.ஏ. நெட்வொர்க்குக்குத் தள்ளியது. ஓரிடத்தில் ஆட்டம் ஓட, இன்னோரிடத்தில் துணை அதிபராகப் போகிறவர் தன் தாய் சியாமளா கோபாலனை நினைவுகூர்ந்துகொண்டிருந்தார். நமக்கு அது ஞாயிறு காலை. அவருடைய தாய்வழி முன்னோர் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அன்று வாசலில் கோலமும் கையில் பட்டாசுமாக இருந்தது. டச்டவுனைத் தவறவிட்டோமே என்ற கவலை அவ்வூரில் எவருக்கும் இல்லை. சவுத் பெண்டில் இருந்தது. ரிமோட்டைத் தேடிக்கொண்டே தங்கள் மனநிலையைச் சமூக ஊடகத்தில் பலர் பதிவு செய்தார்கள்.

நேரம் முடிய 22 நொடி இருக்கையில் நோட்ர டாம் 33க்கு 33 என்று சமன் செய்து, இரண்டு ஓவர்டைம் ஆடி, 47க்கு 40 என்று வென்றது. 1993க்குப் பிறகு முதலிடத்து அணி ஒன்றை அது வீழ்த்தியது அன்றுதான். இடைவெளி விட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த மாணவர்கள் அத்தனை பேரும் அடுத்த நிமிடம் இடைவெளியே இல்லாமல் மைதானத்தில் நின்றார்கள். மறுநாள் பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஜென்கின்ஸ் மாணவர்களுக்குக் கண்டிப்பான கடிதம் எழுதினார்: ஊருக்குப் போகும் முன் பரிசோதனை கட்டாயம். இதே ஜென்கின்ஸ்தான் செப்டம்பர் 26 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில், அப்பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை ஏமி கோனி பாரெட் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட விழாவில், முகக்கவசமின்றிக் கைகுலுக்கிவிட்டு வந்து, சில நாளில் தொற்று உறுதியானவர். உச்ச நீதிமன்றம், கொரோனா, கால்பந்து ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில். அந்த வாரம் அவ்வூரில் யாராவது ஒரே பொருளைப் பற்றிப் பேசியிருந்தால்தான் ஆராய வேண்டியிருந்திருக்கும்.

உளவியல் பக்கம் சாய்ந்தவர்கள் இதையெல்லாம் கவனச்சிதறல் என்று முடித்துவிடலாம். எம் கட்சி வேறு. உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்பது தொல்காப்பியர் தரும் உரிமை. இங்கே நிலம் மயங்கியது, பொழுது மயங்கியது, பறையும் மயங்கியது. உரிப்பொருள் மட்டும் அசையவில்லை. அது முல்லைக்குரிய இருத்தல், அதாவது காத்திருத்தல். பந்து காற்றில் இருக்கிறது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறது. ஓட்டு உறைக்குள் இருக்கிறது. மூன்றிலும் நம்மால் ஆனதைச் செய்தாயிற்று, அல்லது நம்மால் ஆவது எதுவுமே இல்லை. மிச்சமிருப்பது திரையைப் பார்த்தபடி பேசுவது. முல்லைத் தலைவிக்குத் தோழி இருந்தாள். இவர்களுக்கு வாட்ஸ்அப் குழு.

உரிப்பொருள் ஊடலே, ஆகவே திணை மருதம் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்களிடமும் சரக்கு இருக்கிறது. ஆகஸ்ட் 11 அன்று பல்கலைக்கழக அணிகளின் பிக் டென் கூட்டமைப்பு அந்தப் பருவத்து ஆட்டங்களை ஒத்திவைத்தது. செப்டம்பர் 1 அன்று அதிபர் டிரம்ப் அதன் ஆணையர் கெவின் வாரனைத் தொலைபேசியில் அழைத்தார். செப்டம்பர் 16 அன்று முடிவு மாறியது. அக்டோபரில் ஆட்டம் தொடங்கியது. கொண்டுவந்தது நான்தான் என்று டிரம்ப் கூட்டந்தோறும் சொன்னார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும் பிக் டென் அணிகள் இருக்கும் மாநிலங்கள். 2016இல் மூன்றிலும் அவர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றவர் என்பது தற்செயல் எனில் தற்செயல். அலபாமாவிலோ எல்லையே அழிந்துபோனது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பயிற்சியாளர் டாமி டியூபர்வில் நவம்பர் 3 அன்று செனட்டராகவே தேர்வானார். எனவே மாமனும் மருமகனும் ஆட்டத்தைப் பேசத் தொடங்கி அதிபரில் முடித்து, விருந்து மேசையில் முகம் திருப்பிக்கொண்டது மெய்யே. ஆனாலும் ஊடல் என்பது விளம்பர இடைவேளையில் நடப்பது. மூன்றாவது டவுன் வந்ததும் இருவரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்தத் திரும்புதல் முல்லை.

முல்லையில் ஒரு துறை உண்டு. கார் வந்ததும் தலைவன் வருவேன் என்றான். மழை பெய்துவிட்டது, ஆளைக் காணோம். கலங்கும் தலைவியிடம் தோழி, இது பருவமே அன்று, மேகம் ஏமாந்து பெய்துவிட்டது என்று சாதிப்பாள். அந்த நவம்பரில் இந்தத் துறைக்குக் கிராக்கி அதிகம். பென்சில்வேனியா எண்ணிக்கை எண்ணிக்கையே அன்று என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி ஃபிலடெல்ஃபியாவில் செய்தியாளர்களைக் கூட்டியதும் அதே நவம்பர் 7தான். இடம், ஃபோர் சீசன்ஸ் என்ற பெயருடைய தோட்டப் பராமரிப்பு நிறுவனத்தின் வளாகம், ஹோட்டலன்று. ஒருமுறை தோழி சொன்னது பலிக்கவும் செய்தது. அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் நிக் சேபனுக்கு அக்டோபர் 14 அன்று தொற்று என்று முடிவு வந்தது. மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்து, முதல் முடிவு பிழை என்றானது. அந்தச் சனிக்கிழமையே அவர் மைதானத்தில் நின்றார். நவம்பர் கடைசியில் தொற்று உண்மையாகவே வந்தது. ஆபர்னுக்கு எதிரான ஆட்டத்தை அவர் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்க்க வேண்டியதாயிற்று. புறத்திணைத் தலைவன் ஒருவன் சோபாவில் அமர்ந்து அகத்திணைக்கு மாறியதற்கு இது அரிய சான்று. அவர் இல்லாமலே அணி 42க்கு 13 என்று வென்றது. வீட்டிலிருந்து பார்ப்பவர் யாருக்கும் இது தெம்பு தரும் செய்தியன்று.

காத்திருத்தலின் எல்லை எது என்று கேட்டால், தொழில்முறை அணிகளான பால்டிமோர் ரேவன்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஆட்டத்தைக் காட்டலாம். நன்றிநவிலல் நாளான நவம்பர் 26, வியாழன் இரவு நடக்க வேண்டியது. ரேவன்ஸ் முகாமில் தொற்று பரவியதால் ஞாயிற்றுக்குப் போனது, பிறகு செவ்வாய்க்கு, பிறகு புதனுக்கு. புதன் மாலை நடத்தலாம் என்றால் ராக்கெஃபெல்லர் சென்டர் கிறிஸ்துமஸ் மரத்தின் விளக்கேற்றும் விழாவை என்.பி.சி ஒளிபரப்ப வேண்டும். ஆகவே புதன் பிற்பகல் 3.40க்கு ஆடினார்கள். நம் இலக்கணத்தில் அது எற்பாடு, நெய்தலுக்குரிய பொழுது. உரிப்பொருள் இரங்கல். ரேவன்ஸ் 14க்கு 19 என்று தோற்றது. இலக்கணம் இம்மியும் பிசகவில்லை.

எண்ணுபவரும் ஒருவரே ஆகிவிட்டார் என்பது எம் கட்சிக்குக் கடைசி ஆதாரம். தேர்தல் வாரம் முழுக்கத் தொடுதிரை முன் நின்று மாவட்டம் மாவட்டமாக வாக்குக் கணக்குப் போட்ட ஸ்டீவ் கோர்னாக்கியை, டிசம்பரில் என்.பி.சி தன் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து நிகழ்ச்சிக்கு அழைத்து வந்தது. அதே ஆள், அதே திரை, அதே வேகம். எந்த அணி அடுத்த சுற்றுக்குப் போக எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று காட்டினார். பார்ப்பவர்கள் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

காத்திருப்பு முடிவுக்கு வந்த நாளையும் ஆராய்ந்துவிட வேண்டும். டிசம்பர் 14, திங்கள். காலையில் நியூயார்க் குவீன்ஸில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். பகலெல்லாம் ஐம்பது மாநிலங்களிலும் தேர்வாளர்கள் கூடி வாக்களித்து, 306க்கு 232 என்று பைடனை உறுதி செய்தார்கள். இரவு கிளீவ்லண்டில் ரேவன்ஸும் பிரவுன்ஸும் ஆடின. தொற்றிலிருந்து மீண்டு வந்திருந்த குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் ஆட்டத்தின் நடுவே திடீரென்று உடைமாற்றும் அறைக்கு ஓடினார். அவருக்குப் பதில் இறங்கியவரும் காயம்பட்டு விழ, இரண்டு நிமிடம் மீதி இருக்கையில் ஜாக்சன் திரும்பி ஓடி வந்து, நான்காவது டவுனில் 44 கஜ டச்டவுன் எறிந்தார். ஆட்டம் 47க்கு 42 என்று முடிந்தது. தடுப்பூசி வந்த நாள், அதிபர் உறுதியான நாள். அன்றிரவு சமூக ஊடகத்தில் அலையடித்த கேள்வியோ, ஜாக்சன் உள்ளே ஓடியது கழிப்பறைக்கா என்பது. தசைப்பிடிப்பு என்று அவர் விளக்கினார். முடிவை ஏற்காதவர்கள் இதிலும் இருந்தார்கள்.